இலவசமும் கட்டற்றதும்: செயற்கை நுண்ணறிவுக்குப் பிறகு இணையத் தகவல்

உங்கள் கேள்வி மூன்றே வரி. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு எந்தத் தகவலும் கேட்ட மாத்திரத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அப்படியிருக்க, முன்பு திறந்து கிடந்த தளங்கள் ஒவ்வொன்றாக ஏன் கதவைச் சாத்துகின்றன. நீங்கள் இணையத்தில் எழுதி வைத்திருப்பவற்றையும் பூட்டிவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் உண்மையில் கேட்கப்பட்டிருப்பது விலையைப் பற்றி அன்று என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு தகவலைப் பெறக் காசு கொடுக்க வேண்டுமா என்பது ஒன்று. அந்தத் தகவலை அது இருக்கும் இடத்துக்கே போய்ப் பார்க்கவும், படியெடுக்கவும், சரிபார்க்கவும், பிறருக்குக் கொடுக்கவும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாத நிலை இருக்கிறதா என்பது வேறொன்று. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல்லைப் புழங்குவதால் அங்கே ஓயாத குழப்பம் உண்டு. தமிழில் மென்பொருள் ஆர்வலர்கள் முதலாவதை இலவசம் என்றும் இரண்டாவதைக் கட்டற்றது என்றும் பிரித்தே எழுதி வருகிறார்கள். அந்தப் பிரிவினையை வைத்துப் பார்த்தால், இலவசம் இப்போதைக்குக் கூடியிருக்கிறது, கட்டற்ற தன்மை குறைந்துகொண்டிருக்கிறது, முன்னதே பின்னதற்கு ஒரு காரணமாகவும் இருக்கிறது என்பதுதான் என் பதில்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய இதழ்களையும் சிறு வெளியீடுகளையும் ஸ்கேன் செய்து எவரும் படிக்கும்படி வைத்திருக்கும் ஒரு சிறிய மின்னூலகத்தின் சர்வரை 14 ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன். ஆகவே சர்வரில் நடப்பதைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். சட்டம் என் துறையன்று. அங்கே தீர்ப்புகளைப் படித்தவன் என்ற அளவோடு நிறுத்திக்கொள்வேன்.

இணையத்தில் யாரும் கையெழுத்துப் போடாத ஓர் ஒப்பந்தம் இருந்தது. தானாகவே பக்கம் பக்கமாகப் படித்துச் செல்லும் கிராலர் நிரல்களுக்காக, 1994இல் மார்ட்டைன் கோஸ்டர் என்பவர் ஒரு வழக்கத்தை முன்மொழிந்தார். ஒவ்வொரு தளமும் தன் வாசலில் ரோபாட்ஸ் என்ற பெயரில் ஒரு சிறு கோப்பை வைக்கும். எந்த நிரல் வரலாம், எந்தப் பகுதிக்கு வரக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். இது ஆர்எஃப்சி 9309 என்ற முறையான தரமாக வெளிவந்ததே 2022இல்தான். அதற்கு முன் 28 ஆண்டுகள் வெறும் மரியாதையில் ஓடியது. தரமாக ஏற்கப்பட்ட பிறகும் அது வாசலில் தொங்கும் பலகைதானே தவிரப் பூட்டு அன்று. பலகையை மதிக்க அன்று இரு தரப்புக்கும் காரணம் இருந்தது. தேடுபொறி என் பக்கங்களைப் படித்துக்கொள்ளும், பதிலுக்கு எனக்கு வாசகரை அனுப்பும். விளம்பரத்தை நம்பியிருக்கும் தளத்துக்கு அந்த வாசகர் வருமானம். எங்களைப் போன்றவர்களுக்கோ அவர் அதைவிட முக்கியமானவர். எங்களுக்குப் பிழைதிருத்தித் தரும் தன்னார்வலர்களில் பெரும்பாலோர், வேறு எதையோ தேடி வந்து, ஒரு பக்கத்தில் ஆண்டு தவறாக இருப்பதைக் கண்டு, எழுதிச் சொல்லி, அப்படியே தங்கிவிட்டவர்கள்.

இந்த ஒப்பந்தத்தில் ஒரு பாதி இப்போது கழன்றுவிட்டது. அது ஒரே நாளில் நடந்ததன்று. 2007இல் தொடங்கிய காமன் கிரால் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு நெடுங்காலமாகவே இணையப் பக்கங்களைப் படியெடுத்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வைத்து வருகிறது. 2020இல் வந்த ஜிபிடி-3 என்ற மாதிரிக்கு, அதாவது ஏராளமான உரையைக் கொண்டு எழுதப் பழக்கப்பட்ட செயற்கை நுண்ணறிவு நிரலுக்கு, கொடுத்த பயிற்சிக் கலவையில் 60 சதவீதம் இந்தத் தொகுப்பிலிருந்து வடிகட்டப்பட்டதுதான். அப்போது பெரிய முணுமுணுப்பு எதுவும் எழவில்லை, ஏனென்றால் அது ஆராய்ச்சிக் கூடத்துச் சமாச்சாரமாகத் தெரிந்தது. 2022 நவம்பர் 30ஆம் நாள் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகுதான், நாம் எழுதியதைக் கொண்டே நமக்கும் வாசகருக்கும் நடுவில் ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்பது உறைத்தது. தேடுபொறிகளும் அதே வழிக்கு வந்தன. பியூ ஆய்வு மையம் 2025 மார்ச் மாதத்தில் அமெரிக்காவில் 900 பேரின் தேடல்களைக் கவனித்தது. முடிவுப் பக்கத்தின் மேலே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கம் இருந்தபோது 8 சதவீத முறைதான் கீழுள்ள சுட்டி எதையாவது அழுத்தினார்கள். சுருக்கம் இல்லாதபோது 15 சதவீதம். சுருக்கத்துக்குள்ளேயே கொடுக்கப்பட்டிருந்த மூலச் சுட்டியை அழுத்தியது 1 சதவீதம். இந்த எண்ணை அப்படியே தூக்கிப்பிடிக்கவும் கூடாது: சுருக்கம் தோன்றும் கேள்விகளும் தோன்றாத கேள்விகளும் ஒரே வகையல்ல, கூகுள் நிறுவனமும் இந்த ஆய்வுமுறையை மறுத்தது. ஆனால் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

வாசகர் வருவது குறைந்ததோடு போயிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். வாசகர் குறைய, படிக்க வரும் இயந்திரங்கள் பெருகின. எங்கள் தளத்தில் நிகழ்ச்சி நாட்காட்டி ஒன்று இருந்தது. அதில் 'அடுத்த மாதம்' என்பதை அழுத்தினால், நிகழ்ச்சி இல்லாவிட்டாலும் ஒரு வெற்றுப் பக்கம் வரும். மனிதர்கள் இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் போவதில்லை. ஒரு நாள் விடியற்காலையில் தளம் அசைவற்று நின்றபோது வரும் கோரிக்கைகளெல்லாம் பதிவாகும் லாக் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஒரு கிராலர் அந்தச் சுட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்து போய், 2391ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் என்ன நிகழ்ச்சி என்று கேட்டுக்கொண்டிருந்தது. அடுத்த வரியில் செப்டம்பர், அதற்கடுத்து அக்டோபர். ஒவ்வொரு முறையும் எங்கள் தரவுத்தளம் முழுவதையும் துழாவிவிட்டு, ஒன்றுமில்லை என்று பணிவாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வரிகளுக்கு நடுவே, யாரோ ஒரு வாசகர் 1936ஆம் ஆண்டின் இதழ் ஒன்றில் ஒரு பக்கத்தைக் கேட்டு, நேரத்துக்குள் பதில் வரவில்லை என்று பொருள்படும் 504 என்ற பிழை எண்ணைப் பெற்று, மீண்டும் இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

அந்தக் கிராலராவது தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தது. பெயர் தெரிந்தால் தடுக்கலாம். பின்னால் வந்தவை அப்படியில்லை. ஒரு ஐபி முகவரியிலிருந்து ஒரே ஒரு பக்கம், அடுத்த பக்கம் வேறொரு நாட்டு முகவரியிலிருந்து, ஒவ்வொன்றும் தன்னைச் சாதாரண குரோம் உலாவி என்றே அறிமுகம் செய்துகொள்ளும். மாதிரியைப் பயிற்றுவிப்பவர்கள் அனுப்பியவையா, அவர்களுக்குத் தரவு திரட்டி விற்கும் இடைத்தரகர்கள் அனுப்பியவையா என்று லாக் கோப்பை வைத்து அறுதியிட முடியாது. ஆகவே எல்லாப் பழியையும் இன்னார் மீது என்று நான் சுமத்தமாட்டேன். சில நிறுவனங்களின் கிராலர்கள் பலகையைப் படித்துவிட்டு ஒழுங்காகத் திரும்பிப் போனதையும் இதே லாகில் பார்த்திருக்கிறேன்.

எங்களுடையது சின்னத் தளம், அதனால் மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கலாம். பெரிய இடத்திலும் இதே கதைதான். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2025 ஏப்ரலில் தந்த விவரப்படி, 2024 ஜனவரியிலிருந்து படங்களையும் காணொளிகளையும் இறக்குவதற்குச் செலவான தரவுப் போக்குவரத்து 50 சதவீதம் கூடியிருந்தது. அதற்குக் காரணம் மனிதர்கள் அல்லர், கிராலர் போன்ற தானியங்கி நிரல்கள். இங்கே ஒரு தொழில்நுட்ப விவரம் முக்கியம். எல்லோரும் படிக்கும் பக்கத்தின் நகல் வாசகருக்கு அருகிலுள்ள இடைநிலைச் சர்வரில் ஏற்கெனவே இருக்கும். அதை எடுத்துக் கொடுப்பதற்குச் செலவு குறைவு. யாரும் தொடாத பக்கத்தைக் கேட்டால், கோரிக்கை மூலத் தரவு மையம் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். மனிதர்கள் ஒரு நாளில் ஒரே சில பக்கங்களைச் சூழ்ந்துகொள்வார்கள். கிராலரோ மூலைமுடுக்கு விடாமல் அள்ளும். அதனால்தான் மொத்தப் பார்வைகளில் தானியங்கிகளின் பங்கு ஏறத்தாழ 35 சதவீதமாக இருந்தும், அதிகச் செலவு வைக்கும் கோரிக்கைகளில் அவற்றின் பங்கு 65 சதவீதமாக இருந்தது. 2024 டிசம்பரில் முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் இறந்தபோது அவரைப் பற்றிய ஆங்கில விக்கிப்பீடியா பக்கத்தை ஒரே நாளில் 28 லட்சம் முறைக்கு மேல் திறந்தார்கள். அந்த அலையை அவர்களுடைய கட்டமைப்பு எளிதாகவே தாங்கியிருக்கும். அதோடு அவருடைய 1980ஆம் ஆண்டுத் தேர்தல் விவாதக் காணொளியையும் பலர் பார்க்கத் தொடங்கியபோது சில இணைப்புகள் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நிரம்பி வழிந்தன, ஏனென்றால் வழக்கமான நாளிலேயே தானியங்கிகள் இடத்தைப் பிடித்துவைத்திருந்தன.

இனிக் கதவுகளுக்கு வருகிறேன். பிற நிரல்கள் தன் தரவை நேரடியாகப் பெறும் வழியான ஏபிஐ வசதியை இலவசமாகத் தருவதை 2023இல் ட்விட்டர் நிறுத்தியது. அதே ஆண்டு ஜூன் இறுதியில், கணக்கு இல்லாதவர் ஒரு பதிவைக்கூடப் பார்க்க முடியாதபடி சிறிது காலம் மூடியது. தரவு அள்ளுவோரைக் காரணம் காட்டினார்கள். ரெடிட் என்ற கலந்துரையாடல் தளம் 2023 ஜூலை முதல் தன் ஏபிஐக்குக் கட்டணம் விதித்தது. பெரிய நிறுவனங்கள் சும்மா அள்ளிக்கொண்டு போவதைத் தடுப்பது ஒரு நோக்கம் என்றார்கள். முதலில் மூடப்பட்டதோ அப்போலோ போல, ரெடிட்டைப் படிக்க வாசகர்கள் நாள்தோறும் பயன்படுத்திய செயலிகள். பெரிய நிறுவனத்துக்கு வேறு வழி இருந்தது: 2024 பிப்ரவரியில் கூகுள் ரெடிட்டுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது, அதன் மதிப்பு ஆண்டுக்குச் சுமார் 6 கோடி டாலர் என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. 2025 ஆகஸ்டில், செயற்கை நுண்ணறிவு (ஏஐ) நிறுவனங்கள் பின்வாசல் வழியாக எடுக்கின்றன என்று சொல்லி, பழைய இணையப் பக்கங்களைக் காட்டும் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினும் ரெடிட்டின் முகப்புப் பக்கத்துக்கு மேல் எதையும் சேமிக்க முடியாதபடி ரெடிட் கட்டுப்படுத்தியது. எனக்கு இவற்றுள் அதிகம் உறுத்துவது இந்தக் கடைசிச் செய்திதான். 1996இல் தொடங்கிய அந்தக் காப்பகம் எந்த மாதிரியையும் விற்பதில்லை. அழிந்துபோகும் பக்கங்களை நாளைக்காக எடுத்துவைப்பது அதன் வேலை. எலிக்காக வீட்டைக் கொளுத்துவது என்பார்களே, அது இதுதான்.

இவை சில பெரிய தளங்களின் கதை மட்டுமன்று. டேட்டா ப்ராவனன்ஸ் இனிஷியேட்டிவ் என்ற ஆய்வுக் குழு 14,000 தளங்களின் ரோபாட்ஸ் கோப்புகளையும் நிபந்தனைகளையும் ஆராய்ந்து 2024 ஜூலையில் ஓர் அறிக்கை தந்தது. மாதிரிகளைப் பயிற்றுவிக்கப் பரவலாகப் பயன்படும் சி4 என்ற தொகுப்பில், அடிக்கடி புதுப்பிக்கப்படும் முதன்மையான மூலங்களின் உரையில் 28 சதவீதத்துக்கு மேல் ஒரே ஆண்டுக்குள் தடைப்பட்டிருந்தது. 2025 ஜூலை 1 முதல், தளங்களுக்கு முன்னால் நின்று அவற்றின் போக்குவரத்தைக் கையாளும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனம், புதிதாகத் தன்னிடம் வரும் தளங்களுக்கு ஏஐ கிராலர்களைத் தடுப்பதையே இயல்பு அமைப்பாக்கியது. இணையப் போக்குவரத்தில் கணிசமான பங்கு அதன் வழியாகப் போகிறது என்பதால் இது சிறிய மாற்றமன்று. கூடவே, பணம் கட்டினால் திறக்கும் முறை ஒன்றையும் அறிமுகம் செய்தார்கள். பணம் கட்டாத கிராலருக்கு 402 என்ற பதில் போகும். 'கட்டணம் தேவை' என்று பொருள்படும் இந்த எண்ணை, எதிர்காலத்துக்கு இருக்கட்டும் என்று 1990களிலேயே, உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபி தரத்தில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். இத்தனை ஆண்டுகள் கிட்டத்தட்ட யாரும் தொடாமல் கிடந்த எண்ணுக்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது. பணம் இருப்பவர் சாவி வாங்கிக்கொள்வார். தனி ஆராய்ச்சியாளர், மாணவர், சிறிய மொழிக்கு மாதிரி செய்ய முயலும் நான்கு பேர் கொண்ட குழு ஆகியோர் வெளியே நிற்பார்கள். பழைய உலாவி வைத்திருக்கும் சாதாரண வாசகரும், 'நீங்கள் மனிதர்தானா' என்ற சோதனையில் தோற்று வெளியே நிற்பார்; எங்கள் தளத்திலேயே அப்படிச் சிலர் நின்றிருக்கிறார்கள்.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தனக்குத் தெரியாத மொழியிலுள்ள ஆவணத்தைப் படித்துப் புரிந்துகொள்ள முடிகிறவருக்கும், கண்பார்வையில்லாமல் ஒரு படத்தின் விவரத்தைக் கேட்டு அறிகிறவருக்கும், நாற்பது பக்க ஒப்பந்தத்தில் தன்னைப் பாதிக்கும் இரண்டு வரி எங்கே என்று கேட்கிறவருக்கும் தகவல் உண்மையாகவே முன்னைவிடக் கிட்டத்தில் வந்திருக்கிறது. பக்கம் இணையத்தில் திறந்து கிடந்தது என்பதால் மட்டும் அவர்களுக்கு அது கிடைத்துவிட்டதாக நாம் முன்பு நினைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் இதழ்களின் மங்கிய எழுத்துகளை உரையாக மாற்றுவதற்கு நானே இந்த மாதிரிகளைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் இந்த வசதி கட்டற்றது அன்று. இன்று இலவசமாகக் கொடுப்பதும், எத்தனை கேள்வி வரைக்கும் இலவசம் என்பதும், எந்த மூலத்தைக் காட்டுவது என்பதும் ஒரு நிறுவனத்தின் முடிவு. நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பிப் பார்க்கலாம். இங்கே பதில் மட்டும் மேசைக்கு வருகிறது, அலமாரிக்குப் போக வழியில்லை.

எது இன்னும் ஐயத்துக்குரியது என்பதையும் தனியே வைக்கிறேன். கேள்வி-பதில் தளங்கள் வற்றுவதற்கு ஏஐ தான் காரணமா என்பது முதலாவது. நிரலாளர்கள் கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கேள்விகள் குறையத் தொடங்கியது சாட்ஜிபிடிக்கு முன்பே. அதற்குப் பிறகான சரிவுக்குத்தான் வலுவான சான்று உண்டு: 2024இல் பிஎன்ஏஎஸ் நெக்சஸ் இதழில் வெளியான ஆய்வு, சாட்ஜிபிடி எளிதில் கிடைக்காத ரஷ்ய, சீன மொழித் தளங்களோடு ஒப்பிட்டு, ஆறு மாதத்தில் சுமார் 25 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2024 மே மாதத்தில், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தபோது, தங்கள் பதில்களை எதிர்ப்புக்காக அழித்தவர்களின் கணக்குகளை முடக்கி, அழித்தவற்றை மீட்டு வைத்தார்கள். உரிமப்படி அது சரியாக இருக்கலாம். கட்டற்ற உரிமத்தில் கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. ஆனாலும் பொதுவுக்கென்று கொடுத்தவர்கள் மனம் கசந்து போனார்கள் என்பது உண்மை.

இரண்டாவது ஐயம், பயிற்சிக்கு எடுப்பது சட்டப்படி சரியா என்பது. அமெரிக்காவில் 2025 ஜூன் மாதம் ஒரே வாரத்தில் இரண்டு நீதிபதிகள் நிறுவனங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள், ஆனால் வெவ்வேறு காரணங்களைச் சொல்லி. ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனத்தின் மீது எழுத்தாளர்கள் தொடுத்த வழக்கில் நீதிபதி அல்சப், புத்தகங்களைக் கொண்டு பயிற்றுவிப்பது நியாயமான பயன்பாடு, அதாவது உரிமையாளரின் அனுமதி தேவைப்படாதது, ஆனால் திருட்டுப் படிகளைச் சேர்த்து வைத்தது அப்படியன்று என்றார். அந்த வழக்கு பின்னர் 150 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. மெட்டா வழக்கில் நீதிபதி சப்ரியா, எழுத்தாளர்களின் சந்தையை இது மூழ்கடித்துவிடக்கூடும் என்ற வாதத்துக்குப் பிற வழக்குகளில் இடம் வைத்தார். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டுப் பதிப்புரிமை ஆணை, இயந்திரம் படிக்கும் வகையில் மறுப்புத் தெரிவித்தவரின் பக்கங்களைப் பொதுவாக எடுக்கக் கூடாது என்கிறது. ஜப்பான் 2018இல் திருத்திய சட்டம் பெருமளவு அனுமதிக்கிறது. ஆக, ஒரே பக்கத்தை ஒரே கிராலர் எடுப்பது ஒரு நாட்டில் சரி, இன்னொரு நாட்டில் தவறு. இது எங்கே போய் நிற்கும் என்று சொல்பவரைவிட நிற்கவில்லை என்று சொல்பவரையே நான் நம்புவேன்.

உங்கள் எழுத்தைப் பூட்டலாமா என்பதற்கு வருவோம். ஏற்கெனவே பல ஆண்டுகள் திறந்திருந்தது என்றால், அது காமன் கிரால் போன்ற தொகுப்புகளில் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இப்போது பூட்டுவது புதிதாக எழுதுவதற்கு மட்டுமே பொருந்தும். ரோபாட்ஸ் கோப்பில் பயிற்சிக்கான கிராலர்களை மட்டும் பெயர் சொல்லித் தடுக்கலாம்: ஓப்பன்ஏஐயின் ஜிபிடிபாட், காமன் கிராலின் சிசிபாட் ஆகிய பெயர்கள் உண்டு, கூகுள்-எக்ஸ்டெண்டெட் என்ற பெயரைத் தடுத்தால் தேடலில் உங்கள் இடம் பாதிக்கப்படாது. மதிக்கிறவர்கள் மதிப்பார்கள். ஆனால் உள்நுழைவுக் கணக்கு கேட்பது, கட்டணச் சுவர் எழுப்புவது ஆகியவற்றை, எழுத்து உங்கள் பிழைப்பாக இல்லாத வரை, நான் பரிந்துரைக்கமாட்டேன். உண்மையில் திருட வருபவரை அவை அதிகம் தடுப்பதில்லை, படிக்க வருபவரை நிச்சயம் தடுக்கும். காப்பகங்களின் கிராலர்களைத் தவறியும் தடுத்துவிடாதீர்கள். உங்கள் தளம் நின்றுபோன பிறகு அந்தப் படிதான் மிஞ்சும்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். முழு உரைத் தொகுப்பையும் ஒரே கோப்பாகக் கட்டி, மாதம் ஒரு முறை புதுப்பித்து, வேண்டுபவர் எடுத்துக்கொள்ளலாம் என்று வாசலிலேயே எழுதி வைத்தோம். சில கிராலர்கள் அதை எடுத்துக்கொண்டன. பல இன்னமும் பக்கம் பக்கமாகவே வருகின்றன. வேகத்துக்கு வரம்பு வைத்தோம், இதழ்ப் பக்கங்களுக்கு நிலையான நகல் செய்து வைத்தோம், கணக்கு கேட்கவில்லை. நாட்காட்டியிலிருந்து 'அடுத்த மாதம்' சுட்டியை எடுத்துவிட்டோம். அது எங்கே போயிற்று என்று இதுவரை ஒரே ஒருவர்தான் எழுதிக் கேட்டார். அவருக்கு அடுத்த மாத நிகழ்ச்சிப் பட்டியலை நானே மின்னஞ்சலில் அனுப்பி வருகிறேன்.